ஒடியன், கைரேகை, பாபிலோன் 5

பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் ஒரு பிள்ளைக்கு இருப்பது தெரியவந்தால் அதற்கு மூன்று வழிகள்தான் உண்டு. சை கோர் என்னும் அமைப்பில் சேர்ந்து கையுறையும் சின்னமும் அணிந்து சொன்ன வேலையைச் செய்யலாம். சேர மறுத்தால் சிறை. இரண்டும் வேண்டாமென்றால் ஆற்றலை மழுங்கடிக்கும் ஊசியை ஆயுள் முழுக்கப் போட்டுக்கொள்ளலாம். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி உருவாக்கிய ‘பாபிலோன் 5’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 23ஆம் நூற்றாண்டுப் பூமியின் சட்டம் இது. 1993இல் முன்னோட்டப் படம் வந்தது. 1994 முதல் 1998 வரை ஐந்து பருவங்கள் ஓடின. மேலைநாட்டு ரசிகர்கள் இதில் நாஜி ஜெர்மனியையும் அமெரிக்க அடிமை முறையையும் கண்டார்கள். இடுக்கி மலைக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிலோ உசிலம்பட்டியிலோ பிறந்த ஒருவருக்கு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. பிறப்பை வைத்து ஆளைப் பதிவேட்டில் ஏற்றி, விரல் ரேகை வாங்கி, இரவில் காவல் கச்சேரியில் படுக்கவைத்து, வெளியூர் போக ராதாரிச் சீட்டு கேட்ட சட்டம் அவருடைய தாத்தா காலத்தது. மலைக்கு மேற்கே, பாலக்காட்டு வயல்வெளியில், இதே கதைக்குச் சட்டமே எழுதப்படாத இன்னொரு வடிவம் இருந்தது. அதன் பெயர் ஒடியன். இம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், மனம் படிப்பவர்களின் விடுதலைப் போராட்டத்தைத் தொலைக்காட்சி எங்கே சரியாகப் பிடித்தது, எங்கே கோட்டைவிட்டது என்பது தெளிவாகிறது. ஆற்றலுக்கு அஞ்சுவதால் மட்டும் யாரும் அடிமையாக்கப்படுவதில்லை. அஞ்சுகிறவருக்கே அந்த ஆற்றல் வேண்டியிருக்கும்போதுதான் பதிவேடும் கையுறையும் வருகின்றன.

பாபிலோன் 5 இந்த இரட்டை நிலையை வெகு நுட்பமாகக் கட்டியிருக்கிறது. வணிக ஒப்பந்தம் பேசும்போது எதிராளி பொய் சொல்கிறாரா என்று பார்க்க டாலியா விண்டர்ஸ் போன்ற உரிமம் பெற்ற மனம்படிப்பவரைக் கூலிக்கு அமர்த்துவார்கள். வேலை முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். கதை நடக்கும் விண்நிலையத்தின் துணைத் தளபதி சூசன் இவானோவாவின் தாய் ஊசி வழியைத் தேர்ந்தவர். மருந்து அவரைக் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளிருந்து அணைத்து, தற்கொலையில் கொண்டுபோய் விட்டது. லிட்டா அலெக்சாண்டர் அமைப்பை விட்டு வெளியேறியவர். ஆனால் சின்னம் இல்லாத மனம்படிப்பவருக்கு எவரும் வேலை தருவதில்லை. கடைசியில் வாடகைக்கே வழியில்லாமல் சை காவலர் பெஸ்டரிடம் ஒப்பந்தம் போடுகிறார்: கையுறையைத் திரும்ப அணிய வேண்டும், செத்த பிறகு அவர் உடல் சை கோருக்குச் சொந்தம். தொடரில் வரும் சித்திரவதைக் காட்சிகளைவிட இந்த ஒப்பந்தக் காட்சி எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் இதில் எவரும் குரலை உயர்த்துவதில்லை. பசி போதுமானதாக இருக்கிறது. பின்னால் தெரியவரும் உண்மை இன்னும் கசப்பானது. மனிதரிடையே இந்த ஆற்றலை விதைத்தவர்கள் வோர்லான்கள் என்னும் பழைய வேற்றுக்கிரக இனத்தார். தங்கள் எதிரிகளோடு நடக்கும் போருக்கு ஆயுதம் வேண்டும் என்பதற்காக விதைத்தார்கள். மனம்படிப்பவர் தோன்றியதே இன்னொருவர் தேவைக்காக.

ஒடியனும் அப்படித்தான். பாலக்காடு, வள்ளுவநாடு, திருச்சூர் வட்டாரங்களின் வாய்மொழிக் கதைகளில் ஒடியன் இரவில் காளையாகவோ நாயாகவோ பூனையாகவோ உருமாறி வழிமறிப்பவன். தொடாமலே ஆளை ஒடித்துக் கொல்பவன். பாலக்காட்டுத் தமிழருக்கும் அந்நியமில்லாத பெயர் இது. கதைகளில் அவன் பறையராகவோ பாணராகவோ இருப்பான், அதாவது பகலில் வழியில் எதிர்ப்பட்டால் விலகி நிற்கவேண்டியவன். கதைகளை அடுக்கிப் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி உண்டு: ஒடியன் தன் பகைக்காகக் கொல்வது அரிது. ஒரு தறவாட்டுக் காரணவருக்கு, அதாவது கூட்டுக்குடும்பத் தலைவருக்கு, இன்னொரு தறவாட்டின்மேல் பகை. நிலவுடைமையாளரான ஒரு ஜன்மிக்குப் பங்காளியோடு வழக்கு. இரவில் ஆளனுப்பி ஒடியனை வரவழைப்பார்கள். கூலி நெல்லாகவோ துணியாகவோ போகும். மறுநாள் காலையில் அதே காரணவரின் படிப்புரைப் பக்கம் அவன் வர முடியாது. கொலை வெளியே தெரிந்தால் ஏவியவர் பெயர் வருவதில்லை, ஒடியன் பெயர் வரும். பிடிபட்ட ஒடியனை ஊர் அடித்துக் கொல்வதும் அதே கதைகளிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843இலும் கொச்சி சமஸ்தானத்தில் 1854இலும் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதுவரை நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்றுவந்த பகுதி இது. தன் உடலே தனக்குச் சொந்தமில்லாத ஒருவனிடம் உருமாறும் ஆற்றல் இருப்பதாக ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையில் அச்சம் எவ்வளவோ அவ்வளவுக்கு ஆண்டைகளின் குற்றவுணர்வும் கலந்திருக்க வேண்டும்.

இந்தக் கதைகள் அச்சுக்கு வந்த வழியும் கவனிக்கத்தக்கது. பாலக்காட்டில் 1861இல் தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர், கொச்சி சமஸ்தானத்தின் குலங்களையும் சாதிகளையும் பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதி 1909இல் வெளிவந்தது. இன்று பாலக்காட்டு மாவட்டத்தில் தமிழ் மிகுந்த எல்லைப்பகுதியான சித்தூர் அப்போது கொச்சி ஆட்சியில் இருந்தது. அதே ஆண்டு சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளை வெளியிட்டார். ஒடி வித்தை பற்றிய குறிப்புகளை, கருவிலிருந்து எடுக்கும் தைலம் உள்பட, அவர்களிடம் படிக்கலாம். குறிப்புகளில் யார் குரல் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் அஞ்சியவரின் குரல்தான். ஒடியன் என்று சொல்லப்பட்டவனின் தரப்பு மிகக் குறைவு. இதே தர்ஸ்டன் காவல்துறையினருக்கு உடலளவை முறைகளைக் கற்றுக்கொடுத்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு மக்கள்கூட்டத்தின் மாயத்தைப் பற்றி எழுதியதும் குற்றவாளியின் தலைச்சுற்றளவை எடுக்கக் கற்பித்ததும் ஒரே மேசையில் நடந்த வேலைகள். மின்விளக்கு வந்ததும் ஒடியன் மறைந்தான் என்பது கேரளத்தில் பலரும் சொல்லும் விளக்கம். எனக்கு அது பாதி விளக்கமாகவே படுகிறது. 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் ஜன்மி முறையை ஒழித்தது. இரவில் ஆளனுப்பக்கூடிய வீடு இல்லாமல் போனபோது ஒடியனுக்கும் வேலை இல்லாமல் போனது. 2018 டிசம்பரில் மோகன்லால் நடித்து வெளிவந்த ‘ஒடியன்’ திரைப்படம் தேங்குறிச்சி மாணிக்கன் என்ற ஒடியனை நாயகனாக்கியது. பாய்ச்சலும் வேஷமும் அதில் ஏராளம். ஏவிய வீடுகளின் கணக்கு அந்த அளவுக்கு இல்லை.

மலையின் கிழக்குப் பக்கம் கதை ஏட்டில் இருக்கிறது. மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிறமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் பார்த்தவர்கள். இருட்டில் தடம் அறிவது, மாட்டின் குளம்படியைத் தொடர்வது, களவுபோன மாட்டைத் துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவது எல்லாம் அவர்கள் தொழிலின் பகுதிகள். காவல்கூலி கொடுத்த ஊர்களுக்கு அவர்கள் பாதுகாப்பு. கொடுக்காத ஊர்களுக்கு அச்சம். இந்த ஏற்பாட்டில் வன்முறை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1896இல் திண்டுக்கல் பக்கத்து ஊர்கள் காவல்முறைக்கு எதிராகக் கிளர்ந்து கள்ளர்களை விரட்டியது வரலாறு. இருட்டின் அறிவைத் தன் காவல் நிலையத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ள விரும்பிய அரசு 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டத்தை 1911 திருத்தத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. மக்கள் வாயில் அது ரேகைச் சட்டம். பதிவு, கைரேகை, இரவு வருகை, நடமாட்டத் தடை, கட்டாயக் குடியிருப்பு. போதாததற்குப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப்பள்ளியில் வைக்கவும் அதில் இடமிருந்தது. சை கோரை எழுதிய அமெரிக்கர் இந்தச் சட்டத்தைப் படித்தாரா என்று தேட வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தின் பிறப்பையே குற்றத்துக்குச் சான்றாகக் கொண்டால் அதன்பின் வரும் விதிகளுக்கு அதிகக் கற்பனை தேவைப்படாது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். கள்ளர் குழந்தை திருடனாகப் பிறப்பதில்லை. பறையர் எவரும் காளையாக மாறியதில்லை. ஆனால் பாபிலோன் 5இன் மனம்படிப்பவர் உண்மையிலேயே மனத்தைப் படிக்கிறார். அங்கே அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்படியானால் இதுபோன்ற தொடர்கள் ஒடுக்குகிறவனின் வாதத்தையே ஒப்புக்கொண்டுவிட்டு அதன்மேல் இரக்கம் காட்டுகின்றனவா? இந்த மறுப்பில் உண்மை உண்டு, அதை மழுப்பக் கூடாது. பிரிட்டிஷ் தொடரான ‘தி டுமாரோ பீப்பிள்’ 1973இலேயே இச்சிக்கலை உணர்ந்து ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. அதன் மனம்படிக்கும் இளைஞர்களால் உயிரைக் கொல்லவே முடியாது. அவர்களின் இயல்பே தடுத்துவிடும். தீங்கு செய்ய முடியாதவர் என்று நிரூபித்தால்தான் சுதந்திரம் என்றால், அந்தச் சுதந்திரம் சலுகைதான். பாபிலோன் 5 இந்தக் குறுக்குவழியைத் தவிர்த்தது. அதன் மனம்படிப்பவர்கள் கொல்லக்கூடியவர்கள், கொல்கிறார்கள். அதனாலேயே அது கேள்வியைச் சரியான இடத்தில் வைக்கிறது: ஆற்றல் மெய்யாகவே இருந்தாலும் சட்டம் செயலைப் பார்க்க வேண்டுமா, ஆற்றலைப் பார்க்க வேண்டுமா? பூட்டுத் திறக்கத் தெரிந்தவரெல்லாம் இரவில் கச்சேரியில் படுக்க வேண்டும் என்று எந்த ஊரும் விதி வைப்பதில்லை. இருட்டில் தடம் பார்க்கும் திறமையும் மெய்யான திறமைதான். அது களவுக்கும் பயன்பட்டது, களவு பிடிக்கவும் பயன்பட்டது. கள்ளர்களில் சிலர் திருடினார்கள் என்பதை மறுத்தால்தான் ரேகைச் சட்டத்தைக் கண்டிக்க முடியும் என்றால் அந்தக் கண்டனம் பலவீனமானது.

மறுப்பின் இன்னொரு பாதி மனத்தின் அந்தரங்கம் பற்றியது. என் மனத்துக்குள் ஒருவர் நுழையலாம் என்றால் நான் அஞ்சத்தானே செய்வேன்? அஞ்சலாம். ஆனால் மனத்துக்குள் நுழையும் ஆசை அதிகம் யாருக்கு இருந்தது என்று பார்க்க வேண்டும். தொடரில் அனுமதியின்றி ஆழ்ந்து படிப்பது சட்டப்படி குற்றம். அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் சை காவலர்கள். இந்தியாவில் இது வெறும் கற்பனையாக இருந்ததில்லை. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உண்மை கண்டறியும் ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை ஆகியவற்றைக் குற்றம்சாட்டப்பட்டவர்கள்மேல் காவல்துறை பயன்படுத்தி வந்தது. 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் சம்மதமின்றி இச்சோதனைகளைச் செய்வது அவருடைய அரசியலமைப்பு உரிமைக்கும் மன அந்தரங்கத்துக்கும் எதிரானது என்று தீர்ப்பளித்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் கேரளத்தில் பிறந்து நாட்டின் முதல் தலித் தலைமை நீதிபதியான கே. ஜி. பாலகிருஷ்ணன். பார்க்கப்போனால் மனம் படிப்பது அவ்வளவு அஞ்சத்தக்கது என்றால் அதை முதலில் யாரிடமிருந்து பறிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இத்தீர்ப்பு ஒரு பதில் வைத்திருக்கிறது. சை கோர் மனம்படிப்பதைத் தடைசெய்யவில்லை. தனக்கு மட்டும் உரியதாக்கிக்கொண்டது.

ஒப்பீட்டையே எதிர்ப்பவர்கள் உண்டு. மெய்யான மனிதர் சிந்திய ரத்தத்தை ஒரு பொழுதுபோக்குத் தொடரோடு வைத்துப் பேசுவது வரலாற்றைச் சிறுமைப்படுத்தாதா என்பார்கள். தொடரை விளக்க வரலாற்றைத் துணைக்கு இழுத்தால் அப்படித்தான் ஆகும். இங்கே வரலாற்றைக் கொண்டு தொடரைச் சோதிக்கிறோம்; சில இடங்களில் தொடர் தேறுகிறது. முக்கியமாக, ஒடுக்கும் அமைப்பு தன் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் பெருமையும் தரும் என்பதை அது மறைக்கவில்லை. 1998இல் வந்த ஓர் அத்தியாயம் முழுக்கப் பெஸ்டரின் பார்வையில் நகர்கிறது. அதில் சை கோர் தாயும் தந்தையுமாக நின்று பிள்ளைகளை வளர்க்கிறது, அவர்கள் அதை நேசிக்கிறார்கள். உசிலம்பட்டி, கம்பம் பக்கத்தில் இதற்கு இணை இருக்கிறது. ரேகைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920இல் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அரசு கள்ளர் சீரமைப்புத் திட்டத்தை விரிவாக்கியது. அதில் பிறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. அவற்றைப் பொதுப் பள்ளிகளோடு இணைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் அந்தச் சமூகத்தாரே எதிர்க்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்குக் கள்ளர்களைப் பற்றி 2009இல் நூல் எழுதிய மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன், திருந்தி வாழ்வது என்ற எண்ணம் அரசு திணித்ததாக மட்டும் இல்லாமல் அவர்களுடைய உழவு வாழ்க்கையோடும் பழைய தமிழ் அறங்களோடும் கலந்துபோனதைக் காட்டுகிறார். 1895இல் இடுக்கி மலையில் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் கிழக்கே பாய்ந்தபோது, அது கள்ளர்களை உழவர்களாக்கும் என்ற நம்பிக்கையும் அதிகாரிகளிடம் இருந்தது. நீர் வந்தது, பலர் உழவர்களானார்கள், இருந்தும் இருபது ஆண்டுக்குள் ரேகைச் சட்டமும் வந்தது. நன்மை செய்ததற்காகப் பதிவேட்டை மன்னிக்க வேண்டியதில்லை. பதிவேட்டின் நிழலில் கிடைத்த பள்ளியை வெறுக்க வேண்டியதுமில்லை.

தொடர் தேறாத இடம் விடுதலை பற்றிய கற்பனை. ஐந்தாம் பருவத்தில் பைரன் என்பவர் தலைமையில் தப்பிவந்த மனம்படிப்பவர்கள் விண்நிலையத்தில் குடியேறுகிறார்கள். வோர்லான்கள் தங்களை ஆயுதமாக உருவாக்கினார்கள் என்பதை லிட்டா மூலம் அறிந்ததும் பைரன் தங்களுக்கென ஒரு கோள் கேட்கிறார். மறுக்கப்பட்டதும் தூதர்களின் மனங்களிலிருந்து திரட்டிய ரகசியங்களை வெளியிடுவோம் என்று மிரட்டுகிறார். ஆயுதமாக இருக்க மறுக்கவந்த கூட்டம் ஆயுதமாகவே பேசத் தொடங்கும் இடம் இது. அதன்பின் எஞ்சுவது முற்றுகையும் பைரன் தன் ஆட்களோடு தீயில் மாள்வதும்தான். 2015இல் வந்த ‘சென்ஸ்8’ தொடரிலும் மனத்தால் இணைந்தவர்களுக்கு ஒளிவும் ஓட்டமும் எதிர்த்தாக்குதலும்தான் வழிகள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் நடந்தது வேறு. ஊர்மக்கள் தனிநாடு கேட்கவில்லை. கைரேகை வைக்க மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். மோதல் மூண்டு காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அரசு அஞ்சிய இருட்டுத் திறமை எதுவும் அந்தப் பகலில் பயன்படவில்லை. பயன்பட்டது மறுப்பு மட்டும். லிட்டாவின் ஒப்பந்தத்துக்கு எதிர்முனையில் வைக்க வேண்டியது இந்தக் காட்சியைத்தான். மனம்படிப்பவரின் கிளர்ச்சியை எழுதும் கதாசிரியர்களுக்கு அவர்களுடைய ஆற்றல்மேல் இருக்கும் கவர்ச்சி, ஆற்றலைப் பயன்படுத்தாமலே எதிர்க்கும் வழியைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது. ஒடியன் கதைகளிலும் இதே குறை. ஏவலுக்கு மாட்டேன் என்று சொன்ன ஒடியனைப் பற்றிய கதை பரவலாக இல்லை, ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டிய வீடு கதை சொல்லும் வீடாக இல்லை.

ஒடுக்கப்பட்டவரைத் தூயவராக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பறையர் ஒடியனும் பிறமலைக் கள்ளரும் ஒரே படியில் நின்றவர்கள் அல்லர். ரேகைச் சட்டத்தை எதிர்த்த அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காமல் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. பாபிலோன் 5 இதைப் புரிந்துவைத்திருந்தது: ஆற்றலற்றவர்களைப் பெஸ்டர் கீழானவர்களாகவே பார்க்கிறார், தன் கூட்டத்தின் வலியைச் சொல்லும்போதும் அந்த இளக்காரம் குறைவதில்லை. விடுதலைக்கான உரிமை நல்லவராக இருப்பதைப் பொறுத்ததில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தால்தான் ரேகைச் சட்டத்தையும் கீரிப்பட்டியையும் ஒரே மூச்சில் கண்டிக்க முடியும்.

சை கோர் வீழ்ந்த போரைத் தொடர் காட்டவே இல்லை. அது நடந்தது என்ற செய்தி மட்டும் கதைக்குள் வருகிறது. ஒளிபரப்பு 1998இல் முடிந்துபோனது. போருக்குப்பின் பதிவேடுகள் என்னவாயின என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. இங்கே அதற்கு ஏடுகள் உண்டு. சென்னை மாகாணம் 1947இல் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை நீக்கியது. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31 அன்று பழைய சட்டம் ஒழிந்து, அதன் பட்டியலில் இருந்தவர்கள் சீர்மரபினர் ஆனார்கள். சாதியின் இடத்தில் தனிமனிதன் வந்தான் என்பது மெய்யான முன்னேற்றம். ஆனால் யாரை வழக்கக் குற்றவாளி என்று குறிப்பது என்பதைப் பழைய பட்டியலை நினைவில் வைத்திருந்த கைகளே தீர்மானித்தன. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதிப்படி வேலை பிரிப்பதை நீக்கியதோடு, சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் சிறைக் கையேடுகளிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. சட்டம் ஒழிந்து எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் கையேடுகளில் அந்த வரிகள் அச்சாகிக்கொண்டிருந்தன.